நாற்பது சீட்டும் ஒரு பொய்யும்

அடி கோமு, எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்டவளே,

பிரஸ் முதலாளி உனக்கு ஒரு நினைவஞ்சலி நோட்டீஸ் அடித்துத் தருகிறேன் என்றார். மேலே உன் படம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நாலு, நம் ஊரில் நாலு ஒட்டிவிடலாம் என்றார். பதினோரு வருஷமாக அந்த பிரஸ்ஸில் யார் செத்தாலும் அந்த இரண்டு வார்த்தையைக் கம்ப்யூட்டரில் அடிப்பவள் நான்தான். ஆனால் எனக்குத்தான் கண்ணீரே வரவில்லையே, அதை எப்படிக் கொட்டை எழுத்தில் போடுவது? நோட்டீஸ் வேண்டாம், கடிதம் எழுதுகிறேன், அதை அடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் கோமு. உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு சுவருக்குள் சொன்னால் அது போதாது என்று தோன்றியது.

நீ போன பிறகு நான் எப்படி இருந்தேன் என்று கேட்பாய். எப்படியும் இல்லை. சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், வேலை பார்த்தேன். உன் கருமாதிப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். "நீ இன்னிக்கி வேணாம் மல்லிகா, வேற ஆள் பாத்துப்பாங்க" என்று முதலாளி சொன்னார். நான் கேட்கவில்லை. உன் பெயரை எந்த எழுத்தில் போடலாம், எத்தனை பாயிண்ட் என்று பார்த்தேன். புரூஃபில் ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப் போயிருந்தது, அதைத் திருத்தினேன். உன் படத்தை ஸ்டாம்பு அளவுக்குக் குறுக்கி மேலே இடது ஓரத்தில் வைத்தேன். யாரோ வாடிக்கையாளருடைய வேலையைப் போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு ராணி அக்கா முகத்துக்கு நேரே கேட்டார், "இன்னாடி மல்லி, எருமை மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரி கீற? கூடப் பொறந்தவளாச்சே, ஒரு சொட்டுக் கண்ணீர் வுட மாட்டியா?" நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ பார்க்கவில்லை அல்லவா. நாலு நாள் காய்ச்சலில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், ஐந்தாம் நாள் காலையில் ஆம்புலன்ஸில் திரும்பக் கொண்டு வந்தோம். உன் வீட்டுக்காரர் லாரியோடு ஆந்திராவில் இருந்தார், சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். அதுவரை உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசலில் போட்டிருந்தார்கள். உன் பொண்ணு நிவி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரிம்மா, அம்மா ஏன் பொட்டிக்குள்ள கீது?" என்றாள்.

"அம்மா தூங்குறாங்க. சத்தம் போடாத, எழுப்பாத" என்றேன்.

ஐந்து வயசுக் குழந்தையிடம் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். அவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மேளம் அடிக்க வந்தவர்களைப் பார்த்து வாயில் விரலை வைத்து "உஸ்ஸ்" என்றாள். அழுதுகொண்டிருந்த பொம்பளைகளிடமும் போய் "உஸ்ஸ்" என்றாள். அவர்கள் அதைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதார்கள். நான் மட்டும் பொண்ணு சமர்த்தாக இருக்கிறாளே என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போகும்போது நீ படுத்த பாயையும் தலையணையையும் சுடுகாட்டுப் பாதையில் தூக்கிப் போட வேண்டும் என்று ராணி அக்கா சொன்னார். வழக்கம்தானே. நானே சுருட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நிவி வீடு முழுக்க எதையோ தேடினாள். பீரோவுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள்.

"இன்னா தேடுற?"

"நம்பர் சீட்டு. அம்மா தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கும். தலகாணியே காணோம்."

நான் உனக்குக் கொண்டு வந்து கொடுத்த வேஸ்ட் அட்டை ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை பெயர் தப்பாக விழுந்த கல்யாணப் பத்திரிகை, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது என்று கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்குவாய். "பால்வாடிப் பசங்களுக்கு நம்பர் வெளாட்டுக்கா. நீயும் ஒரு நாள் வந்து குந்து, சொல்லித் தரேன்" என்பாய். எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது, ஆளை விடு என்பேன். கட்டினவனை விட்டு வந்த நாளிலிருந்து உன் வீட்டில்தான் சாப்பாடு, உன் வீட்டில்தான் தூக்கம். உன் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆட எனக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. தலைக்கு மேலே என்ன வேலை இருந்தது எனக்கு? ஒன்றும் இல்லை. சும்மா போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மறுநாள் விடியற்காலை சுடுகாட்டுப் பாதைக்குப் போய்ப் பார்த்தேன். போனதைத் தூக்கி வரக்கூடாது என்பார்கள், தெரியும். ஆனாலும் போனேன். முந்தின நாள் நல்ல மழை. தலையணை கிழிந்து பஞ்சு மட்டும் வேலிக்காத்தான் முள்ளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து, பிரஸ்ஸுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நிவியைப் பால்வாடிக்கு அனுப்ப ஆரம்பித்தேன். உன் இடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள், சின்னப் பெண்தான், நல்ல மாதிரி. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பஸ் நிறுத்தத்தில் மடக்கினாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாப் பசங்களையும் படுக்க வெக்கிறேன். உங்க பொண்ணு ஒவ்வொருத்தரையா போயி எழுப்பினு கீது. கன்னத்துல தட்டுது, கால இழுக்குது. அதுவும் தூங்குறது இல்ல, யாரையும் தூங்க வுடறதும் இல்ல. பசங்கள்லாம் அழுதுங்க. அவங்கம்மாங்க வந்து என்னாண்ட சண்டை போடுறாங்க."

"அடிச்சுச் சொல்றதுதானே?"

"அடிக்கிற மாதிரியா கீது அந்தக் கொழந்தை? கண்ணப் பாருங்க, குழி விழுந்து கீது. இப்பிடியே போச்சுன்னா மத்தியானம் நீங்க வந்து கூட்டினு போயிடணும்க்கா, எனக்கு வேற வழி தெரியல."

வீட்டிலும் அப்படித்தான் கோமு. தூங்கும்போது தூங்கட்டும் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். எனக்கே தூக்கம் எது, விழிப்பு எது என்று தெரியாத நிலைமை. ஏன் எழுப்புகிறாய் என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் யார் வந்து அவளைப் பார்த்துக்கொள்வது? நான் வேலையை விட வேண்டும், இல்லை, அவளை உன் மாமியார் ஊருக்கு அனுப்ப வேண்டும். உன் வீட்டுக்காரர் போனில், "அங்கயே வுட்டுடலாமா?" என்று கேட்டார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், லாரிக்காரர் என்ன செய்வார். "ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளை அனுப்பினால் வீட்டில் நான் ஒருத்திதான் என்பது மட்டும் தெரிந்தது.

சரி, பிள்ளை கேட்டது சீட்டுதானே, அதையாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். இங்கேதான் இன்னொரு கூத்து. உன் கருமாதிப் பத்திரிகையில் மிச்சம் ஒரு கட்டு இருந்தது. அதை வீட்டில் வைக்கக்கூடாது, கிழித்துப் போடணும் என்பார்கள். எனக்குக் கிழிக்கக் கை வரவில்லை, மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. பத்து அட்டையை எடுத்து அடுக்கி, கட்டிங் மெஷினில் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. நாலு அடுக்கு, அடுக்குக்குப் பத்து, ஆக நாற்பது சீட்டு. ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளைப் பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். பின்னால் எழுத்துதானே, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று விட்டுவிட்டேன். ஓர் அடுக்கில் மட்டும் பத்துச் சீட்டிலும் உன் முகம் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பதினோரு வருஷம் அட்டை வெட்டுகிறவள் செய்கிற காரியமா இது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சீட்டைக் கூடத்தில் போட்டேன். "வா, எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

நிவி வெகு நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பெரிய மனுஷி போல உட்கார்ந்து எனக்குப் பத்து, அவளுக்குப் பத்து, கவிழ்த்து வரிசையாக அடுக்கினாள். மிச்சத்தை நடுவில் கட்டாக வைத்தாள்.

"இது ஒண்ணோட வூடு, இது ரெண்டோட வூடு, இப்பிடியே பத்து வூடு. எல்லாம் தப்பு வூட்ல தூங்கினு கீது. கட்டுலருந்து ஒண்ணு எடு. இன்னா நம்பர்?"

"ஆறு."

"ஆறாவது வூட்டுக்குப் போ. அங்க தூங்குறத எழுப்பு. எழுப்பிட்டு ஆற அங்க வெய்யி. எழுப்புனது இன்னா நம்பரோ, அது அதோட வூட்டுக்குப் போணும்."

நான் எண்ணிப் பார்த்து ஆறாவதை எடுத்தேன். "ஐயே! அது அஞ்சு பெரிம்மா!" என்றாள். எதிரில் உட்கார்ந்திருந்ததால் என் இடது பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன், அவளுக்கு அது வலது பக்கம். இரண்டாம் தடவையும் அதே தப்பு. "நீ இங்க என் பக்கத்துல வந்து குந்து, அப்பதான் உனுக்கு வரும்" என்று தரையைத் தட்டிக் காட்டினாள். எழுந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். நீ போனதிலிருந்து அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஏற்கனவே நிமிர்ந்துவிட்ட எண் மறுபடி வந்தால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு விட வேண்டும். யாருடைய பத்து வீடும் முதலில் விழித்துக்கொள்கிறதோ அவர்கள் கெலித்தார்கள். அவ்வளவுதான் ஆட்டம். மூளைக்கு வேலையே இல்லை, கைதான் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று கோமு. முதல் ஆட்டம் நான் கெலித்தேன். இரண்டாவதும் நான்தான். மூன்றாவதிலும் நானே கெலித்தபோதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சுட்டுப் போட்டாலும் வராதவள் நான், சொல்லிக் கொடுத்தவளை எப்படி மூன்று தரம் ஜெயிப்பேன்?

அவள் வரிசையைப் பார்த்தேன். ஏழு நிமிர்ந்திருந்தது. மூன்று, ஆறு, ஒன்பது இந்த மூன்று இடம் மட்டும் கவிழ்ந்தே இருந்தது. ஓரமாகப் போட்ட குவியலில் மேலாகவே ஒரு மூன்று கிடந்தது.

"இன்னா நிவி, மூணு வந்துச்சே. மூணாவது வூட்ல வெக்காம ஏன் ஓரமா போட்ட?"

"அங்க அம்மா தூங்குது."

அப்போதுதான் பார்த்தேன். கவிழ்ந்திருந்த மூன்று சீட்டின் முதுகிலும் ஸ்டாம்பு அளவில் நீ இருந்தாய். என் வரிசையிலும் இருந்திருப்பாய். நான் பார்க்காமலேயே உன்னைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எழுப்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"நீதான எழுப்பாதன்னு சொன்ன."

அவள் பேசினாள். சுவரைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினாள். "நீ சத்தம் போடாதன்னு சொன்ன. நான் போடல. மோளக்காரங்களையும் போடாதன்னு சொன்னேன். அம்மா தூங்கினே இருந்துச்சு, தூக்கினு பூட்டாங்க. நான் எழுப்பி இருந்தா தூக்கினு போயிருக்க மாட்டாங்கல்ல பெரிம்மா?"

"அதுக்குத்தான் பால்வாடில..."

"தூங்குனா தூக்கினு பூடுவாங்க. அதான் எல்லாரையும் எழுப்புறேன்."

அடிப்பாவி மல்லிகா, என்ன காரியம் செய்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்க்கு எளிதாக வந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதை மறந்தும் போய்விட்டேன். ஐந்து வயசுப் பிள்ளை அதைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. தாயைக் கொன்றதே தான்தான் என்கிற மாதிரி அல்லவா இருந்திருக்கிறது.

சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் வராது என்று யோசிக்காமலே சொன்னேன்.

"பெரிம்மா பொய் சொல்லிட்டேன் நிவி. அம்மா தூங்கல. அம்மா செத்துட்டாங்க. தூங்குறவங்க எழுப்புனா எழுந்துப்பாங்க. செத்தவங்க யாரு எழுப்புனாலும் எழுந்துக்க மாட்டாங்க. நீ எழுப்பி இருந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுப்பிப் பாத்தேன்."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை கோமு. ஆஸ்பத்திரியில் அவர்கள் துணியை மூடுவதற்கு முன்னால் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். கோமு, எழுந்திருடி, புள்ள தேடும் எழுந்திரு என்று கத்தினேன். நர்ஸ் வந்து என் கையைப் பிரித்து எடுத்தாள். அதற்கப்புறம்தான் நான் மரத்துப் போனேன் போலிருக்கிறது.

"சத்தமா எழுப்புனியா?" என்று கேட்டாள் நிவி.

"சத்தமா."

"எத்தினி தபா?"

"எண்ணல."

"பத்து தபாவா?"

"பத்துக்கு மேல."

அவளுக்குத் தெரிந்த கணக்கே பத்து வரைதான், அதுதானே நீ சொல்லிக் கொடுத்தது. பத்துக்கு மேல் எழுப்பியும் ஒருத்தி எழுந்திருக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓரக் குவியலிலிருந்து மூன்றை எடுத்தாள். மூன்றாவது வீட்டில் கவிழ்ந்திருந்த உன்னை மெதுவாகத் திருப்பினாள். அது எட்டு. "எட்டு முன்னாடியே வந்துட்ச்சு" என்று ஓரமாக வைத்துவிட்டு, மூன்றை அதன் வீட்டில் வைத்தாள். ஆறையும் ஒன்பதையும் கட்டிலிருந்து நாங்கள் தேடி எடுத்தோம். அது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை, அழுகுணி ஆட்டம். ஆனாலும் கெலித்தவள் அவள்தான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ராணி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டின் முதுகைப் பார்த்தாரோ இல்லையோ, "அடியே, கருமாதிப் பத்திரிகைய வூட்ல வெச்சுக்கினு சீட்டாடினு கீறியாடி! உனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார். "ஆமாக்கா" என்றேன். வேறென்ன சொல்வது? "நீயும் வெளையாட்றியா, எடம் கீது" என்றாள் நிவி. அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றவர், கடைசியில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார். அவரும் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் எண்ணினார்.

ராணி அக்கா போனதும் நிவி என் மடியில் தலையை வைத்தாள். கண் சொருகிக்கொண்டு வந்தது, ஆனாலும் இமையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள்.

"பெரிம்மா, நான் தூங்குனா நீ என்ன எழுப்புவியா?"

"எழுப்புவேன்."

"எப்ப?"

"நாலு மணிக்கு. டீ போட்டுட்டு எழுப்புறேன்."

"எழுந்துக்கலன்னா?"

"பத்துக்கு மேலயும் எழுப்புவேன்."

தூங்கிவிட்டாள் கோமு. வாயைப் பிளந்துகொண்டு, உன்னைப் போலவே ஒரு காலை மடக்கிக்கொண்டு. கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போன பிறகுதான் மெதுவாக அவளைப் பாயில் கிடத்தினேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, நீ தப்பாக நினைக்காதே. ஆனால் பசித்தது. அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நீ போன பிறகு எனக்குப் பசித்தது அன்றுதான். நாலு மணிக்கு டீ போட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டு, "நிவி" என்றேன். ஒரே தடவைதான் கூப்பிட்டேன், எழுந்துவிட்டாள்.

உன் வீட்டுக்காரரிடம் அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். பால்வாடி டீச்சரிடமும் நடந்ததைச் சொன்னேன். மத்தியானம் படுக்க வைக்கும்போது, "மூணு மணிக்கு எழுப்புறேன் நிவி" என்று அவள் சொல்லியே படுக்க வைக்கிறாள். முதல் இரண்டு நாள் நிவி ஒரு கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தாளாம். இப்போது மற்றப் பிள்ளைகளுக்கு, "தூங்கு, மூணு மணிக்கு எழுப்புவாங்க" என்று இவளே சொல்கிறாளாம்.

சீட்டை மாற்றவில்லை. உன் முகம் இருக்கிற பத்தும் அதில்தான் இருக்கிறது, தினமும் உன்னைத் திருப்பி வீட்டில் வைக்கிறோம். தலையணைக்குள் மட்டும் வைப்பதில்லை.

எழுதுகிறவள் ஒரு வாக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா? உன் பிள்ளை பெரியவளாகட்டும், படிக்கட்டும், என்னைத் திட்டட்டும், எங்கேயாவது வாக்கப்பட்டும் போகட்டும். இந்த வீட்டில் அவள் கண்ணை மூடுகிற ஒவ்வொரு தடவையும் சொன்ன நேரத்துக்கு நான் அவளை எழுப்புவேன். இது பொய் இல்லை கோமு.

உன்னைப் பத்துக்கு மேல் எழுப்பிப் பார்த்த
உன் அக்கா,
நிவியின் பெரியம்மா
மல்லிகா